ஊதா வெளிச்சமெல்லாம் வைரஸை அழிக்காது

புற ஊதாக் கதிர் பட்டதும் வைரஸ் எரிந்துவிடுமா?

எரியாது. உறை பெரும்பாலும் அப்படியே இருக்கும். கெடுவது உள்ளே இருக்கும் மரபு இழை. டி.என்.ஏ. நான்கு வேதி எழுத்துகளால் ஆனது; தைமின், அடினின் அவற்றில் இரண்டு. அதில் அடுத்தடுத்து இரண்டு தைமின்கள் நிற்கின்றன என்று வையுங்கள். இரண்டும் எதிர் இழையிலுள்ள அடினினோடு கைகோக்க வேண்டியவை. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சியதும் இரட்டைப் பிணைப்புகள் திறந்து, பக்கத்திலிருக்கும் தைமினோடு நான்கு கார்பன் வளையமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் இழை கோணிப்போகிறது. படியெடுக்க வரும் நொதி அங்கே முட்டி நின்றுவிடும். படியெடுக்க முடியாவிட்டால் வைரஸ் பெருகாது. 1960-ல் நெதர்லாந்தில் பியூகர்ஸும் பெரெண்ட்ஸும் உறைந்த தைமின் கரைசலில் கண்டது இந்த ஒட்டலைத்தான்.

கொரோனா ஆர்.என்.ஏ. வைரஸ். அதில் தைமினே இல்லையே?

தைமினின் இடத்தில் யுராசில் என்ற எழுத்து இருக்கிறது, அதுவும் ஒட்டும். ஒற்றை இழை என்பதால் பார்த்துத் திருத்த எதிர் இழையும் கிடையாது.

ஊதா நிற டார்ச் வாங்கினேன். கைப்பேசி, காய்கறி எல்லாவற்றின் மீதும் காட்டுகிறேன். போதுமா?

அலைநீளம் எத்தனை நானோமீட்டர் என்று எழுதவில்லையே! மாதத்துக்குப் பத்துக் கடிதம் இப்படித்தான் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஊதா வேறு, புற ஊதா வேறு. கள்ள நோட்டு பார்க்கும் டார்ச்சுகள் 365 அல்லது 395. நியூக்ளிக் அமிலம் (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.) அதிகமாக உறிஞ்சுவது 260-ஐ ஒட்டி. 300-ஐத் தாண்டினால் அநேகமாக ஒன்றுமில்லை. உறிஞ்சாத ஒளி எதையும் உடைக்காது. 1930 வாக்கிலேயே கேட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பாக்டீரியாவை அழிக்கும் அலைநீளங்களும் தைமின், யுராசில் போன்றவை உறிஞ்சும் அலைநீளங்களும் ஒத்துப்போவதைக் காட்டிவிட்டார். ஒரு கிளினிக்கில், முகக்கவசங்களை ஊதா எல்.இ.டி. பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து மறுபடி அணிவதைப் பார்த்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அலைநீளம் எங்கும் அச்சிடப்படவில்லை. நோயாளிகள் நடமாடும் இடம் அது! எனக்கு வயிறு எரிந்தது. அலைநீளம் போடாத கருவியை வாங்காதீர்கள். போட்டிருந்தாலும், கதிரின் வலிமையை நொடிகளால் பெருக்கினால்தான் அளவு கிடைக்கும். ஒரு வீச்சில் காட்டிவிட்டு எடுத்தால் பயனில்லை.

எல்லா வைரஸுக்கும் ஒரே அளவுதானா?

இல்லை. அடினோவைரஸ் முரடு. அது இரட்டை இழை டி.என்.ஏ.; புகுந்த செல்லின் பழுதுநீக்கும் நொதிகளைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்ளும். குடிநீரில் 99.99 சதவீத வைரஸை அழிக்க, அமெரிக்க விதி சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 190 மில்லிஜூல் கேட்பது இதை மனத்தில் வைத்துத்தான்.

வெயிலில் வைத்தால் போதாதா?

280 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை ஓசோன் வடிகட்டிவிடுகிறது. தரைக்கு வரும் மிச்சம் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அந்த மிச்சமும் பெரும்பாலும் வராது.

வீட்டுத் தண்ணீர்ச் சுத்திகரிப்பானின் புற ஊதா விளக்கு மூன்று ஆண்டாக நன்றாக எரிகிறது. மாற்ற வேண்டுமா?

உடனே மாற்றுங்கள். நீங்கள் பார்ப்பது பாதரசத்தின் நீல ஒளி. வைரஸை அழிக்கும் 254 கண்ணுக்குத் தெரியாது. ஆயுள் 9000 மணி, அதாவது இடைவிடாமல் எரிந்தால் ஓராண்டு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி உறையையும் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் மாவு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும். கதிர் அதிலேயே நின்றுவிடும். கலங்கல் தண்ணீரிலும் அதே கதைதான்.

கையில் நேராக அடிக்கலாமா?

கூடாது. தோல் செல்லிலும் தைமின் இருக்கிறது.