ஏஜெண்ட் சொன்ன எஸ் பாஸ் கணக்கு

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் தேக்காவில் இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். என்னைச் சேர்க்காமல் 14 பேர் வேலை செய்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் 10 (அதில் இரண்டு அக்காமார் பகுதிநேரம், ஆளுக்கு 1,100 வெள்ளி), வேலை பெர்மிட்டில் இருக்கும் மலேசியர்கள் 4. பலகார மாஸ்டர் கிடைக்காமல் திண்டாடுகிறேன். காரைக்குடியில் என் மச்சான், 34 வயது, கைதேர்ந்த மாஸ்டர். ஏஜெண்ட் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் உள்ள வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) போடலாம் என்கிறார். சம்பளம் 3,300 வெள்ளி என்று எழுதி வங்கியில் போட்டுவிட்டு, மாதாமாதம் 1,200 வெள்ளியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாரும் செய்வதுதான் என்கிறார். அதுவரை டூரிஸ்டாக வரவழைத்து அடுக்களையில் பழக்கலாமாம். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இந்த இரண்டு யோசனையில் எதைச் செய்தாலும் கடைசியில் மனிதவள அமைச்சின் விசாரணை அறையில் உட்காரப்போவது நீங்களும் மச்சானும்தான், ஏஜெண்ட் அந்த நேரத்தில் போனை எடுக்கமாட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்றால் அது பொய்த் தகவல். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. வேலை கொடுத்ததற்காக ஊழியரிடம் பணம் வாங்குவது தனிக் குற்றம், அதற்கு அபராதம் 30,000 வெள்ளி வரை போகும். "எல்லாரும் செய்வதுதான்" என்பதை நானும் கேட்டிருக்கிறேன். முன்பு நான் கணக்கு எழுதிய ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், முதலாளியின் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஏடிஎம் அட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் ரகசிய எண் எழுதிய சின்னத் துண்டுத் தாள். சம்பளம் போன மறுநாளே ஒரு பையன் அத்தனையையும் எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போவான். ஒரே ஒரு ஊழியர் புகார் கொடுத்தார், அதோடு முடிந்தது. வங்கிக் கணக்கில் எல்லாம் தேதியோடு பதிவாகியிருந்ததே!

எனக்கு வேடிக்கையாக இருந்தது என்ன தெரியுமா, 3,300இல் 1,200 போனால் 2,100. அதாவது மச்சானுக்கு 2,100 வெள்ளி தர நீங்கள் தயார். அந்தச் சம்பளத்துக்கு நேர்வழியே இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை பெர்மிட்டில் எடுக்கலாம். நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும், இப்படி எடுப்பவர்கள் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் கடையில் 15 பேரில் ஒருவர் என்றால் தாண்டாது. ஏஜெண்ட் இதைச் சொல்லவில்லையா, அல்லது அவருக்கே தெரியாதா, எது என்றாலும் அவர் உங்களுக்குச் சரிப்பட்டு வரமாட்டார். அவருக்கு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்பதையும் அமைச்சின் இணையப்பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

எஸ் பாஸ் கணக்கும் தப்பு. 2025 செப்டம்பரிலிருந்து 3,300 என்பது தொடக்கம்தான். வயது ஏற ஏற அது கூடிக்கொண்டே போய் 45 வயதில் 4,800ஐத் தொடும். 34 வயதுக்காரருக்கு 3,300 என்று எழுதினால் அங்கேயே விழும். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி மாதம் 650 வெள்ளி வேறு. உங்களைப் போல 10 பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தின் வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் 14 நாள் விளம்பரமும் செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் கடையின் உண்மையான சிக்கல். சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் மொத்தத்தில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 10 உள்ளூர்க்காரர், 5 வெளிநாட்டவர், 33 விழுக்காடு, தாராளமாக இடம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் 2024 ஜூலையிலிருந்து 1,600 வெள்ளியாவது வாங்கும் உள்ளூர்க்காரர்தான் முழு ஆளாகக் கணக்காவார், அதற்குக் குறைந்து 800 வரை வாங்குபவர் அரை ஆள். 1,100 வாங்கும் உங்கள் இரண்டு அக்காமாரும் சேர்ந்து ஒருவர்தான்! ஆக உள்ளூர்க் கணக்கு 9. மச்சானைச் சேர்த்தால் 14க்கு 5, 35ஐத் தாண்டிவிடுகிறது. பெர்மிட் போட்டாலும் எஸ் பாஸ் போட்டாலும் இது இடிக்கும். அந்த அக்காமாரில் யாராவது முழுநேரம் வரத் தயாரா என்று முதலில் கேளுங்கள், இருவருமே வந்தால் கணக்கு சுலபமாகச் சரியாகிவிடும். இல்லையென்றால் உள்ளூரில் முழுநேரமாக இன்னொருவரை எடுங்கள். தெரிந்த உள்ளூர்க்காரர் பெயரைச் சும்மா போட்டு மசேநி (மத்திய சேமநிதி) மட்டும் கட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். அதுவும் குற்றம்தான்.

டூரிஸ்டாக வந்தவர் அடுக்களையில் கரண்டியைத் தொட்டால்கூட வேலைதான், சம்பளம் கொடுக்கவில்லை என்பது பதிலாகாது. சொந்த மச்சான் என்பதும் ஆகாது.

மச்சான் வீட்டில் எஸ் பாஸ்தான் வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அது குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்ற நினைப்பிலோ என்னவோ. அதற்கு எஸ் பாஸில் இருப்பவருக்கும் மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். பெர்மிட்டில் அந்தப் பேச்சே இல்லை. இதை மச்சானின் மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, வந்து ஆறு மாதம் கழித்துச் சொன்னால் உங்கள் வீட்டில்தான் சண்டை.

செலவையும் எழுதிப் பாருங்கள்: பெர்மிட் லெவி, 5,000 வெள்ளி பிணைப்பத்திரம், ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி. எல்லாம் உங்கள் பொறுப்பு. லெவியை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, உறவுக்காரர் என்று அவரே சம்மதித்தாலும்.

பெர்மிட்டுக்கு அமைச்சு தரும் முன் அனுமதிக் கடிதம் வந்ததும் அதை மச்சானுக்கு அனுப்புங்கள், தமிழிலும் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், ஏஜெண்ட் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் போனில் சொன்ன தொகையும் அதில் இருக்கும் தொகையும் ஒன்றா என்று அவர் ஊரில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளட்டும். டிக்கெட் அப்புறம் எடுக்கலாம்.