பயனீட்டாளர் கேள்வி-பதில்: பழைய திருகு லென்ஸ், புது கேமரா

கேள்வி: சோனி மிரர்லெஸ் கேமராவில் எம்42 (பழைய திருகு வகை) லென்ஸுக்கான அடாப்டர் வளையம் போட்டுப் பழைய டக்குமார் லென்ஸை மாட்டினேன். பட்டனை அழுத்தினால் படமே எடுக்கவில்லை. கேமரா கெட்டுவிட்டதா?

– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. பழைய லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஐயா, ஹீலியோஸ் 44-2 லென்ஸும் என் நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கான அடாப்டரும் ஈப்போவில் ஒரு கடையில் வாங்கினேன். எல்லாம் சரியாக வரும் என்றார்கள். கிட்டே நிற்பவர் முகம் பளிச்சென்று விழுகிறது. தோட்டத்துக் கோயில் கோபுரம் மங்கலாக இருக்கிறது. லென்ஸ் பழுதா?

– செம்பனைத் தோட்டத்து இளைஞர்

பதில்: லென்ஸில் பழுதில்லை தம்பி. உங்களுக்கு உண்மையைச் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல நாள் கோபம்.

உங்கள் ஹீலியோஸ் எம்42 லென்ஸ். தூரத்துப் பொருள் தெளிய வேண்டுமானால் அதன் அடிவிளிம்பு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் (எஃப் வகை) லென்ஸ் மாட்டும் வாயே 46.5 மில்லிமீட்டரில் இருக்கிறது. அடாப்டர் காகிதம் போல மெலிந்திருந்தாலும் லென்ஸ் 1 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளித்தான் நிற்கும். உங்களுடையது போன்ற 58 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அப்போது ஏறக்குறைய 3 மீட்டர்தான் எல்லை. அதற்கு அப்பால் எதுவும் தெளியாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் தூரத்துத் தெளிவை மீட்டுத் தரும், ஆனால் மலிவானவற்றில் படத்தின் கூர்மை போய்விடும். கேனான் இஎஃப் கேமராவின் வாய் 44 மில்லிமீட்டரில் இருக்கிறது, அதில் மெல்லிய வளையம் போதும். சோனி இ வகை மிரர்லெஸ்ஸில் 18 மில்லிமீட்டர்தான், தாராளமாக இடம் இருக்கிறது.

அங்கேயும் வளையத்தைச் சரியாகக் கடைந்திருக்க வேண்டும். நான் சோனிக்கு வாங்கிய ஒன்று கொஞ்சம் தடித்திருந்ததால் தூரத்து மலை தெளியவே இல்லை. விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். இந்த அளவெல்லாம் விற்பவருக்குத் தெரிந்ததுதான். பெட்டியின் மேல் ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

அந்தக் கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ‘சரியாக வரும்’ என்று சொல்லி விற்ற பொருள் சரியாக வராவிட்டால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: இணையத்தில் கேமரா கடை ஒன்றில் 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) லென்ஸ் வாங்கினேன். ‘லேசான தூசி’ என்று போட்டிருந்தார்கள். உள்ளே வேர் வேராகப் பூஞ்சை. பதிலே வருவதில்லை.

– வாசகி, பீடோர்

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது அம்மா. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை வருவது சகஜம்தான், அதைத் தூசி என்று விற்பது ஏமாற்று. விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எதையும் அழிக்க வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுக்குள் போட வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வியாபாரம் செய்பவர் மீதுதான் இது செல்லும். வீட்டில் கிடந்ததை விற்ற தனியாள் மீது செல்லாது.

அடுத்த முறை, லென்ஸின் பின்னால் டார்ச் அடித்து எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

கேள்வி: என் எம்42 லென்ஸுக்கு, விலை குறைவு என்று டி2 அடாப்டர் வாங்கினேன். அதன் விட்டமும் 42 மில்லிமீட்டர்தானே? ஒரு சுற்றில் இறுகிவிட்டது. இடுக்கி போட்டுத் திருகலாமா?

– வாசகர், தாப்பா

பதில்: இடுக்கியைக் கீழே வையுங்கள்! எம்42 திருகின் இழை இடைவெளி 1 மில்லிமீட்டர், டி2-வில் 0.75. பெயரே வேறு என்பது பெட்டியிலேயே இருக்கிறது, அதைப் படிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். இனி திருகினால் லென்ஸின் மரையும் போய்விடும். மெதுவாகக் கழற்றி, எம்42 என்று அச்சிட்டதை வாங்குங்கள்.

கேள்வி: ஹீலியோஸ் 44எம்-4 லென்ஸில் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தை எப்படித் திருப்பினாலும் இதழ்கள் மூடுவதில்லை.

– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: லென்ஸின் பின்புறம் ஒரு சிறு ஊசி இருக்கும். அதை அழுத்தினால்தான் இதழ் மூடும். பல லென்ஸ்களில் இதைக் கைக்கு மாற்ற ஒரு சுவிட்ச் உண்டு, உங்களுடையதில் கிடையாது. உள்ளே விளிம்பு வைத்த அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள், அந்த விளிம்பே ஊசியை அழுத்திப் பிடிக்கும். பசை போட்டு ஊசியை ஒட்டச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.