பொண்ணு சீன வரலாறு படிக்கணுங்கறா, சிஎஸ்இ சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க

சார், உங்க மெசேஜ் படிச்சேன். சித்தப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவுல சிஎஸ்இ சீட் பேசி வச்சிருக்காரு, ஹாஸ்டலோட சேத்து நாலு வருஷத்துக்கு 18 லட்சம், பொண்ணு என்னடான்னா ராத்திரி பூரா பிரிட்டன் சீனாவோட போட்ட ஓபியம் யுத்தம் பத்தி படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, இவள என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. கவலைப்படாதீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சிருக்கலாம், ஆனா அந்த 18 லட்சம் கடன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதனால நேராவே சொல்றேன், அந்த சீட் வேண்டாம். கோடிங்னாலே மூஞ்ச சுளிக்கிற பொண்ண அங்க தள்ளிட்டு அரியர் பேப்பர் எண்ணிக்கிட்டு இருப்பீங்க, சித்தப்பா வந்து இஎம்ஐ கட்டமாட்டாரு.

பிகாம், சிஏ பத்தியெல்லாம் நான் பேசல, அத சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அவ எத படிக்கிறான்னு முதல்ல பாருங்க. 1757லேர்ந்து 1842 வரைக்கும் வெள்ளைக்காரன் சீனாவுல வியாபாரம் பண்ணணும்னா கான்டன் (இப்ப குவாங்சோ) துறைமுகம் ஒண்ணுதான், அதுவும் அரசாங்கம் லைசென்ஸ் குடுத்த ஹாங் வியாபாரிங்க வழியாத்தான். வெள்ளைக்காரங்களுக்கு சீன மொழி சொல்லிக்குடுக்கவே தடை. ஈஸ்ட் இண்டியா கம்பெனி ஆளு ஜேம்ஸ் ஃப்ளின்ட் 1759ல சீன மொழியிலயே புகார் மனு கொண்டுபோனாரு, அவர 3 வருஷம் மக்காவ்ல உள்ள வச்சாங்க, மனு எழுத உதவுன சீனாக்காரருக்கு தலையே போச்சு. 1793ல பிரிட்டன் அனுப்புன மெக்கார்ட்னி தூதுக்குழு பெய்ஜிங் போறதுக்கு இங்கிலாந்து பூரா தேடியும் மொழிபெயர்க்க ஆள் கெடைக்கல, இத்தாலியில நேப்பிள்ஸ்ல பாதிரியார் படிப்பு படிச்ச சீனாக்காரங்கள புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அதே குழுவுல செயலாளரோட மகன் ஜார்ஜ் தாமஸ் ஸ்டான்டன், கிளம்பறப்ப 11 வயசு, அவங்ககிட்ட கப்பல்லயே மொழி கத்துக்கிட்டு சக்கரவர்த்தி சியன்லாங் முன்னாடியே பேசிட்டான். அப்புறம் அதுதான் அவருக்கு வாழ்க்கையே. கான்டன்ல கம்பெனி வேலை, 1810ல அப்ப சீனாவ ஆண்ட சிங் வம்சத்தோட சட்டத்தொகுப்பு மொழிபெயர்ப்பு, 1816ல பிரிட்டன் மறுபடி அனுப்புன ஆம்ஹெர்ஸ்ட் தூதுக்குழுவுல பெரிய பொறுப்பு, கடைசில பார்லிமென்ட். 1840ல ஓபியம் யுத்தத்துக்கு ஆதரவா பேசுனதும் இதே ஆளுதான், அது தனி வயித்தெரிச்சல்.

எதிர்பக்கம், அதாவது சீனா பக்கம், இப்படி மொழி தெரிஞ்ச ஆளே தயாராகல. 1858ல ரெண்டு நாடும் போட்ட டியன்ஜின் ஒப்பந்தத்துல, அர்த்தத்துல தகராறு வந்தா இங்கிலீஷ்ல இருக்கறதுதான் செல்லும்னு பிரிட்டன்காரன் எழுதி வாங்கிட்டான். அதுக்கப்புறம்தான் 1862ல பெய்ஜிங்ல தொங்வென் குவான்னு மொழிபெயர்ப்பாளர் பள்ளிக்கூடமே தொறந்தாங்க.

இதுல மெட்ராஸும் உண்டு சார். கான்டன் ஹாங் வியாபாரிங்க மெட்ராஸ்ல இருந்த இங்கிலீஷ்காரங்ககிட்ட வட்டிக்கு வாங்கி மாட்டிக்கிட்டாங்க, 1779ல வசூலுக்கு போர்க்கப்பலையே அனுப்புனாங்க. ஓபியம் யுத்தத்துல, 1841ல கான்டன் பக்கத்துல கொட்டற மழையில சிக்குனது 37வது மெட்ராஸ் காலாட்படை சிப்பாய்ங்க. கம்பெனி காலத்து ரெக்கார்டு எழும்பூர் ஆவணக்காப்பகத்துல இருக்கு, அதையும் சீன ஆவணத்தையும் சேத்து வச்சு படிக்கத் தெரிஞ்சவங்க நம்ம பக்கம் எத்தன பேருன்னு நெனைக்கிறீங்க?

அதனால நான் சொல்றது பிஏ ஹானர்ஸ் சீன மொழி. டெல்லி ஜேஎன்யூவுல இருக்கு, க்யூட் (CUET) நுழைவுத்தேர்வு எழுதணும், ட்யூஷன் ஃபீஸ் நம்ம ஊர் எல்கேஜி ஒரு டெர்ம் பீஸுக்குக்கூட வராது. சாந்திநிகேதன்ல விஸ்வபாரதியோட சீன பவன் 1937லேர்ந்து நடக்குது. பிஏ முடிச்சிட்டு டெல்லி யுனிவர்சிட்டியில கிழக்காசிய படிப்புல எம்ஏ போலாம். காலேஜ்ல சொல்லித்தர்றது சுருக்கின எழுத்து, சிங் கால ஆவணம் பழைய எழுத்து, பழைய நடை, ரெண்டும் வேணும்னா தைவான் ஒரு வருஷம் போறது நல்லது, அங்க இன்னும் பழைய எழுத்துதான். அந்த அரசாங்கமே மொழி படிக்க ஹுவாயூ ஸ்காலர்ஷிப் குடுக்குது, சென்னையில அவங்க ஆபீஸ் இருக்கு, நேர்ல போய்க் கேளுங்க. வேலைன்னு பாத்தா வெளியுறவுத்துறையில மொழிபெயர்ப்பாளர் கேடர் இருக்கு, ஆராய்ச்சி இருக்கு, ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு பக்கம் தைவான் கம்பெனிங்க இருக்கு, அங்க இந்த மொழி பேசற ஆளுக்கு மதிப்பு.

ரெண்டு விஷயத்துல நான் கறார். இதுக்காகவும் கடன் வாங்கக்கூடாது, சீனாவுல பிரைவேட் ஏஜென்ட் மூலமா சீட்னு எவனாவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க. இன்னொண்ணு, வரலாறு புடிக்கும்ங்கறது வேற, தினம் இருபது எழுத்து எழுதிப் பழகறது வேற. இப்பவே மூணு மாசம் ஆரம்ப கிளாஸ்ல சேருங்க, எச்எஸ்கேன்னு சீன மொழித் தேர்வு இருக்கு, அதுல ஒண்ணாவது லெவல் எழுதட்டும். நடுவுல சலிச்சுப்போய் விட்டுட்டான்னா திட்டாதீங்க, வரலாறு மட்டும் பிஏ படிக்கட்டும், அதுவும் அவ விருப்பம்தான். சிஎஸ்இ அட்வான்ஸ் மட்டும் இந்த வாரம் கட்டாதீங்க, சித்தப்பா கோச்சுக்கிட்டா என் நம்பர் குடுங்க.