கேம் டேபிளிலிருந்து ஒருவரை விலக்குவது – கடிதம்

வணக்கம்,

எட்டு மாதமாக வாரம் ஒரு செஷன் என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக, டைஸ் உருட்டி ஆடும் கதை ஆட்டம் அது; கதையையும் எதிரிகளையும் நடத்துவது நான். வாரவாரம் தொடரும் இந்தக் கதைக்குத்தான் கேம்பெயின் என்று பெயர். ஆடுபவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் என் கல்லூரி நண்பர். அவருடைய கேரக்டர் ஒரு ரோக், அதாவது திருடன்; எதிரியை விட்டுவிட்டு சொந்தப் பார்ட்டியின், அதாவது கூட்டாளிகளின் பைகளையே துழாவுகிறான். புதிதாகச் சேர்ந்த பெண் தன் டர்னில் வாய் திறந்தாலே, "அது வேஸ்ட், இதைப் பண்ணு" என்று குறுக்கே விழுகிறார். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறார். ஒரு டிராகனை விட்டு அந்தக் கேரக்டரைக் கொன்றும் பார்த்தேன். அடுத்த வாரமே அதே குணத்தோடு இன்னொன்றைக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பெண் இரண்டு செஷனாக வரவில்லை. நண்பரை எப்படி விலக்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டிராகன் கொன்றது கேரக்டரை. உங்கள் நண்பருக்கு அது ஆட்டத்தில் நடந்த இன்னொரு சண்டை, அவ்வளவுதான். நீங்கள் வருத்தப்படுகிறீர்கள் என்கிற செய்தி அவரிடம் போய்ச் சேரவே இல்லை. மந்திர வாளைப் பிடுங்குவது, காவலர்களை ஏவிச் சிறையில் போடுவது எல்லாம் இதே கதைதான். சிறைக் காட்சி வைத்தால் அன்றைய செஷனில் அரை மணி நேரம் அவருக்கே போகும். மற்ற நால்வரும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

திருடனாக ஆடுவதில் தப்பே இல்லை. 1975-இல் இந்த ஆட்டத்துக்கு வந்த கிரேஹாக் துணைநூலிலேயே திருடன் ஒரு தனி கேரக்டர் வகை. ஆனால் அந்தக் கேரக்டருக்கு அப்படியொரு குணத்தைக் கொடுத்தது அவர்தானே? மாற்றவும் அவரால் முடியும். இதற்கு மேசையில் ஒரு விதி போதும். சக ஆட்டக்காரரின் பையில் கை வைக்க அவர் டைஸை எடுத்ததும் நிறுத்துங்கள். பைக்கு உரியவரிடம் "இது நடக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் "இல்லை" என்று சொன்னால் அது நடக்காது. டைஸ் உருள வேண்டியதே இல்லை.

விலக்குவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். நீங்கள் பார்த்தது குறுக்கீடு மட்டும். மேசைக்கு வெளியே மெசேஜ், மிரட்டல், தொடுதல் என்று வேறு ஏதாவது நடந்திருக்கலாம். அப்படியானால் எச்சரிக்கை எதுவும் வேண்டாம், உடனே விலக்குங்கள். குறுக்கீடும் திருட்டும் மட்டும்தான் என்றால் ஒரு வாய்ப்பு நியாயம். ஆட்டத்தின் நடுவில் "டேய், விடுடா" என்று சொன்னதெல்லாம் எச்சரிக்கையில் சேராது. தனியாக அழைத்து, எந்த இரண்டு விஷயம் நிற்க வேண்டும், அடுத்த இரண்டு செஷனுக்குள் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நிற்கவில்லையென்றால், செஷன் முடிந்து இரண்டு நாள் கழித்து நேரிலோ போனிலோ சொல்லுங்கள். செஷன் நாளில் சொன்னால், மற்றவர்கள் வந்து சேரும் நேரத்தில் அவர் எல்லார் முன்னாலும் எழுந்து போக வேண்டியிருக்கும். அவருடைய கோபத்துக்குப் பயப்படும் நிலைமை என்றால் மட்டும் மெசேஜ் போதும். இவ்வளவுதான் பேச வேண்டியது: "இந்த கேம்பெயின்ல நீ இனிமே ஆட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். பார்ட்டிக்குள்ள திருடுறது, மத்தவங்க டர்ன்ல பேசுறது, ரெண்டையும் அன்னைக்கே சொன்னேன். நிக்கல." மற்றவர்களை முன்பே தனித்தனியாகக் கேட்டு வைத்திருங்கள். ஆனால் "எல்லாரும் சொல்றாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்; அடுத்த கேள்வி "யாரு?" என்றுதான் வரும், பழி அந்தப் பெண் தலையில் விழும். அவர் ஒவ்வொரு சம்பவமாக எடுத்து வாதாடுவார். பதில் சொல்லப் போனால் அது பேரமாகிவிடும். முடிவை இன்னொரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேம்பெயின் முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி, அவரில்லாமல் ரகசியமாகத் தொடங்க வேண்டாம். பலர் இந்த வழியில்தான் போகிறார்கள். ஒரு நாள் அவருக்குத் தெரியவரும். ஐந்து பேர் சேர்ந்து ஏமாற்றினார்கள் என்றாகிவிட்டால் நட்பு மிஞ்சாது. நேராகச் சொன்னால் கோபப்படுவார், ஆனால் மிஞ்ச வழி இருக்கிறது.

பேசுவதற்கு முன்பே ஒரு காரியம். இந்த ஆட்டத்துக்கான டி அண்ட் டி பியாண்ட் இணையதளத்தில் அவர் வாங்கிய புத்தகங்களைத்தான் எல்லாரும் பகிர்ந்து ஆடுகிறீர்கள் என்றால், அவர் போனதும் மற்றவர்களின் கேரக்டர் ஷீட்டில் (கேரக்டரின் திறன்களைக் குறித்து வைக்கும் தாளில்) சில பகுதிகள் திறக்காமல் போகலாம். எல்லா கேரக்டர் ஷீட்டையும் முதலில் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். ஆட்டம் அவர் வீட்டில் நடக்கிறதென்றால் இடத்தையும் பார்த்து வையுங்கள். பேசி முடித்த அன்றே குரூப்பிலிருந்து எடுத்துவிட்டு, அவருடைய டைஸையும் மினியேச்சர் பொம்மைகளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அவருடைய ரோக்கைக் கொல்ல வேண்டாம். ஊரிலிருந்து ஓலை வந்தது, கிளம்பிவிட்டான் என்று ஒரே வரியில் முடியுங்கள். நீங்கள் எடுத்து ஆடவும் வேண்டாம். அவன் பேசும்போதெல்லாம் மேசையில் நண்பரின் ஞாபகம்தான் வரும். ஐந்து பேருக்குத் தயாரித்த சண்டைகளில் எதிரியின் ஹிட் பாயிண்டை (உயிர்ப் புள்ளியை) குறைப்பதைவிட ஓர் எதிரியையே எடுத்துவிடுவது நல்லது. எதிர்ப்பக்கத்தில் ஒரு டர்ன் குறைவதுதான் நால்வருக்கு உண்மையில் உதவும். பூட்டு திறக்கவும் பொறி கண்டுபிடிக்கவும் ரோக்கை நம்பியிருந்த அறைகளுக்கு வேறு வழி வையுங்கள்; கவனிக்காவிட்டால் முதல் செஷனே மூடிய கதவின் முன் நின்றுவிடும்.

மற்றவர்களுக்கு "அவர் இனி வரமாட்டார், முடிவு என்னுடையது" என்பதற்கு மேல் விவரம் வேண்டாம். அந்தப் பெண்ணிடமும் அதையே சொல்லி அழையுங்கள். உடனே வந்தாக வேண்டும் என்று நெருக்காதீர்கள். அவர் வராமல் மூன்று பேர்தான் மிஞ்சினாலும் கேம்பெயினைத் தாராளமாக நடத்தலாம். காலி நாற்காலியை நிரப்ப அவசரப்பட்டு ஆள் சேர்க்காதீர்கள். புதிதாக வருபவரை முதலில் கேம்பெயினோடு சம்பந்தமில்லாத ஒரே ஒரு தனி ஆட்டத்துக்கு அழைத்து, மற்றவர்களின் டர்னில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.