அசையாமல் நின்ற தெர்மாமீட்டர்

அன்புள்ள ஐயா,

வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். வீட்டு மாடியறையில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் ஸ்பிரிட்டை மூன்று முறை வாலை வடித்தேன். கடைசி முறை தெர்மாமீட்டர் 78 டிகிரியில் அசையாமல் நின்றது. அப்படியென்றால் அது தூய எத்தனால்தானே? கொஞ்சம் நீர் மிச்சமிருந்தால், இன்னும் உயரமான குழாய் வைத்து அதையும் நீக்க முடியுமா? எந்தத் தெர்மாமீட்டர் வாங்கலாம்?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

‘அசையாமல் நின்றது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். எந்தத் தெர்மாமீட்டர் என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

முதலில் திட்டிவிடுகிறேன். பாலிஷ் ஸ்பிரிட்டில் குடிக்கக் கூடாதென்றே மெத்தனால் என்ற விஷத்தைக் கலப்பார்கள். அது கொதிப்பது 64.7 டிகிரியில், எத்தனால் 78.4-இல். இந்த இடைவெளியை நம்பி வீட்டுக் கண்ணாடிக் குடுவையில் இரண்டையும் பிரித்துவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனாலால்தான். உங்கள் பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்து வீட்டில் யாராவது எடுத்தால்? அதன் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பில் பற்றிக்கொள்ளும். உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் வேறு. படிப்புக்காகத்தான் வடித்தேன் என்றால் போலீஸ்காரர் கேட்க மாட்டார். மூட்டை கட்டி வையுங்கள்.

சரி, 78 டிகிரிக்கு வருவோம். தூய திரவம் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். உண்மை. ஆனால் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதெல்லாம் தூயது என்று யார் சொன்னது? பாடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். எடையில் 95.6 சதவீதம் எத்தனால், மீதி நீர் என்ற கலவை 78.2 டிகிரியில், தூய எத்தனாலுக்கும் முன்பே, ஒரே சீராகக் கொதிக்கும். இதுதான் கொதிநிலை மாறாக் கலவை. திரவத்தில் என்ன விகிதமோ அதே விகிதம்தான் ஆவியிலும் இருக்கும். மேலே போவதும் கீழே இருப்பதும் ஒன்றே என்றால், குழாயைப் பனைமர உயரத்துக்கு வைத்தாலும் எதைப் பிரிப்பது?

நானும் இப்படித் தலைகீழாகப் பிடித்தவன்தான். பி.எஸ்சி. படிக்கும்போது ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டை (கொஞ்சம் நீர் கலந்த எத்தனால்தான்) வடித்துவிட்டு, ‘கொதிநிலை மாறவில்லை, எனவே தூயது’ என்று ரெக்கார்டில் எழுதினேன். எங்கள் ஆசிரியர் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. பீங்கான் கிண்ணத்தில் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டைப் போட்டு வறுத்தார். நீலம் போய் வெளிறிய பொடியானது. நன்றாக ஆறியபின், அடுப்பை அணைத்துவிட்டு, நான் வடித்ததைக் கொஞ்சம் அதில் விட்டார். பொடி மெல்ல நீலமாகியது; அதாவது, நான் வடித்ததில் நீர் இருந்தது. மறுநாள் ரெக்கார்டு திரும்பி வந்தபோது ‘எனவே’ என்ற சொல்லின் கீழ் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு. எத்தனை வருஷமானாலும், அந்தச் சொல்லை எழுதும்போது ஒரு நொடி கை நின்றுவிடுகிறது.

மிச்ச நீரை எடுக்க வேறு வழிகள் உண்டு. சுட்ட சுண்ணாம்பு நீரைப் பிடித்துக்கொள்ளும். 1902-இல் சிட்னி யங் என்ற வேதியியலாளர் பென்சீனைச் சேர்த்து வடித்து நீரை வெளியேற்றினார். பென்சீன் புற்றுநோய் தருவது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்த பாட்டிலைக் கல்லூரி லேபில் ஒப்படையுங்கள். மயில்துத்தச் சோதனையை அங்கேயே, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள். என்ன நிறம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.