ஸ்ட்ரெயிட்னரிலேயே முடியைச் சுருட்டிவிட்டு, அது ஆறுவதற்குள் ஐஷேடோவை முடிப்பது எப்படி?

தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற அளவுக்கு எளிமையான ஐஷேடோ எப்படிப் போடுவது, கர்லிங் அயன் தனியாக வாங்காமல் கையில் இருக்கும் ஸ்ட்ரெயிட்னரை வைத்தே முடியைச் சுருட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் காலையில் இவற்றைத் தனித்தனி வேலையாகச் செய்வதால்தான் நேரமும் போகிறது, சுருளும் நிற்பதில்லை. முதலில் முடியைச் சுருட்டிக் கிளிப் போட்டு விட்டுவிடுங்கள், அது ஆறுகிற நேரத்தில் கண் மேக்கப்பை முடியுங்கள், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கிளிப்பை அவிழுங்கள். நான் செய்வது இதே வரிசையில்தான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூடு பட்டாலோ ஈரம் பட்டாலோ விட்டுப்போகும், அப்புறம் ஆறும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆக, சுருள் உறுதியாவது ஸ்ட்ரெயிட்னரை எடுத்த பிறகு வரும் அந்தச் சில நிமிடங்களில். சூடு இறங்குவதற்குள் சீப்பை விட்டு வாரினால், நேராகத் தொங்கும் நிலையிலேயே ஆறிவிடும், அவ்வளவுதான். "என் முடிக்குச் சுருளே நிக்காது" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் செய்வது இது என்று நினைக்கிறேன். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் சுருள் மதியத்துக்குள் தளர்ந்துபோவதற்கும் இதே பிணைப்புதான் காரணம், காற்றில் இருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்ல அவிழ்க்கிறது. அதனால் இங்கே இருப்பவர்கள் காலையில் கொஞ்சம் இறுக்கமாகவே சுருட்டிக்கொள்ள வேண்டும், ஆபீஸ் போய்ச் சேரும்போது சரியான அளவுக்கு வந்திருக்கும்.

முதலில் உங்கள் ஸ்ட்ரெயிட்னரைப் பாருங்கள். தகட்டின் அகலம் ஒரு அங்குலம் அளவில் இருந்து, வெளி ஓரம் உருண்டையாக இருந்தால் நல்லது. இரண்டு அங்குல அகலமுள்ளது நீண்ட முடியை நேராக்குவதற்கென்றே செய்தது, அதில் சுருட்டினால் கை வலிக்கும், கூர்மையான ஓரம் உள்ளது என்றால் முடியில் மடிப்புக் கோடும் விழும். பரிசுப் பொட்டலத்தின் ரிப்பனைக் கத்தரிக்கோல் ஓரத்தில் வைத்து இழுத்தால் சுருண்டு வருமே, ஸ்ட்ரெயிட்னரில் நடப்பதும் அதுதான், கூடவே சூடு இருக்கிறது.

முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் தலைக்குக் குளித்த முடி எல்லாவற்றையும்விட நன்றாகப் பேச்சுக் கேட்கும், அன்றே குளித்த முடி வழுக்கிக்கொண்டு போகும். ஸ்ட்ரெயிட்னரை வைத்ததும் உஸ் என்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி உள்ளேயே குமிழியாகிறது, அந்த இடத்தில்தான் பின்னால் முடி ஒடியும். எண்ணெய் வைத்த தலையிலும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் சூட்டிலிருந்து காப்பாற்றும் என்று நம்பிப் பூசிக்கொண்டு சுருட்டுகிறவர்கள் உண்டு, முடி பிசுபிசுவென்று படிந்துபோவதோடு தகட்டிலும் கரி பிடிக்கும். அதற்கென்று இருக்கும் ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்பிரேயைத் தெளித்து, அதுவும் காயும்வரை பொறுங்கள்.

சூடு எவ்வளவு? மெல்லிய முடி, கலர் செய்த முடி என்றால் 150-லிருந்து 160 டிகிரி செல்சியஸ் போதும். நம்மில் நிறையப் பேருக்கு இருப்பது போன்ற அடர்த்தியான கறுத்த முடிக்கு 180 பக்கம். கருவியில் 230 வரை எண் இருக்கிறது என்பதற்காக அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. குறைந்த சூட்டில் ஒரே கற்றையை மூன்று நான்கு முறை இழுப்பதைவிட, சரியான சூட்டில் ஒரே முறை மெதுவாக இழுப்பது முடிக்கு நல்லது. சூட்டை மாற்றும் வசதியே இல்லாத, ஆன் ஆஃப் மட்டும் உள்ள மலிவான கருவி என்றால் தினமும் அதைத் தொடாதீர்கள்.

இப்போது கை வேலை. முடியை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து, மேல் பாதியை உச்சியில் கேட்ச் கிளிப்பில் தூக்கிவிடுங்கள். கீழிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கற்றை எடுத்துச் சிக்கு இல்லாமல் வாரிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெயிட்னரைத் தரைக்கு நேர்குத்தாகப் பிடித்து, காது உயரத்தில் கற்றையைக் கவ்வி, மணிக்கட்டை முகத்துக்கு எதிர்ப்பக்கமாக அரைச்சுற்றுத் திருப்புங்கள். முடி இப்போது கருவியின் வெளிப்பக்கத்தில் ஒரு முறை சுற்றி வந்திருக்கும். அந்தத் திருப்பலை விடாமல், நடுவில் நிற்காமல், மெதுவாக ஒரே வேகத்தில் கீழே இழுங்கள். மெதுவாக இழுத்தால் சுருள் இறுகும், வேகமாக இழுத்தால் லேசான அலை வரும். வேலைக்குப் போகிற தோற்றத்துக்கு நுனியில் ஒரு அங்குலத்தை அப்படியே நேராக விட்டுவிடலாம், நுனிவரை சுருட்டினால் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பின மாதிரி ஆகிவிடும். வெளியே வந்ததும் கற்றையைத் தொங்கவிடாதீர்கள். சூட்டோடு உள்ளங்கையில் ஏந்தி, சுருளை அதன் போக்கிலேயே மேலே சுருட்டி, சின்னக் கிளிப்பால் தலையோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் அட்டையோடு கிடைக்கும் சாதாரண உலோகக் கிளிப்பே போதும். கையில் சூடு தாங்காது என்றால் ஒரு பருத்திக் கையுறை.

என் தங்கைக்கு இடுப்புவரை முடி. "அக்கா, நீ சொன்ன மாதிரிதான் திருப்பினேன், பாதியில மாட்டிக்கிச்சு" என்று அவள் கூப்பிட்டபோது போய்ப் பார்த்தால், கருவியைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழுத்தம் தேவையே இல்லை. முடி நழுவி ஓடாத அளவுக்குப் பிடித்தால் போதும், அழுத்தினால் இழுக்க வராது, நின்ற இடத்தில் மடிப்பும் விழும். கற்றை தடிமனாக இருந்தாலும் இப்படி மாட்டும். முதல் தடவை கருவியைச் சூடாக்காமல், பிளக்கே போடாமல், கண்ணாடி முன்னால் நின்று திருப்பிப் பழகுங்கள். பின்னந்தலையில் எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். முன்பக்கக் கற்றைகள் மட்டும் இரண்டு பக்கமும் முகத்தைவிட்டு விலகிப் போகட்டும், பின்னால் இருப்பவற்றை ஒன்று இப்படி ஒன்று அப்படி மாற்றி மாற்றித் திருப்பினால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே குழாயாகிவிடாது.

ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர் என்றால் வேர்ப்பக்கம் சுருட்டுவது வீண் வேலை. காதுக்குக் கீழே மட்டும் சுருட்டி, கிளிப்பை எடுக்காமல் கழுத்தோரம் தளர்வாக ஒரு கொண்டை மாதிரி சேர்த்து, மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போய், ஆபீஸ் பாத்ரூமில் அவிழ்த்துக்கொள்ளலாம். கிளிப் ஹெல்மெட்டுக்குள் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கருவியை அணைத்து எவர்சில்வர் தட்டில் வைத்தாயிற்று (மெத்தைமேல் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்), முடி ஆறட்டும். கண்ணுக்கு வருவோம்.

தினசரித் தோற்றத்துக்குப் பதினெட்டு நிறம் உள்ள பேலட் தேவையில்லை, இரண்டு நிறம் போதும். ஒன்று மினுமினுப்பே இல்லாத மேட் பழுப்பு, உங்கள் முக நிறத்தைவிட இரண்டு படி அடர்த்தியாக. இன்னொன்று லேசாக மின்னும் செம்பு அல்லது வெண்கல நிறம். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் வெளிறிய பழுப்பை நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் பூசினால் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். உங்கள் தோலுக்குச் சிவப்போ மஞ்சளோ கலந்த பழுப்புதான் ஒட்டும், கருப்பட்டி நிறம், செங்கல் நிறம் என்று தேடுங்கள். இந்தப் பழுப்புகளுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, செம்மண் சிவப்பாக இருப்பதும் அதனால்தான், விலை உயர்ந்த பொருளே கிடையாது. அதனால் மேட் பழுப்புக்குப் பெரிய காசு கொடுக்க மனம் வரவில்லை எனக்கு. மின்னும் நிறத்தில்தான் மலிவானதற்கும் நல்லதற்கும் வித்தியாசம் தெரிகிறது, மலிவானது கன்னமெல்லாம் உதிரும்.

நம்மில் பலருக்கு இமை முகத்தைவிடக் கறுப்பாக இருக்கும், எண்ணெயும் சீக்கிரம் சுரக்கும். அதனால் எதுவும் பூசுவதற்கு முன் கறுப்பை மறைக்கும் கிரீமான கன்சீலரை மிகக் குறைவாக எடுத்து, மோதிர விரலால் இமைமேல் தட்டிப் பரப்பி, அதன்மேல் கொஞ்சம் காம்பாக்ட் பவுடரை ஒற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு படியை விட்டால் பகல் உணவுக்குள் ஐஷேடோ முழுவதும் இமை மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். கன்சீலர் அதிகமானாலும் அதே கதிதான்.

அப்புறம் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு கண்ணாடியை நேராகப் பாருங்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மடிப்புக்குள்ளேயே பழுப்பைப் பூசுவார்கள், திறந்ததும் எங்கே பூசினோம் என்றே தெரியாது, முக்கியமாக இமை தொங்கினாற்போல் இருப்பவர்களுக்கு. கண் திறந்திருக்கும்போது மடிப்புக்கு ஒரு நூல் மேலே பிரஷை வையுங்கள். மயிர் நிறைந்த, மெத்தென்ற பிரஷாக இருக்கட்டும். நுனியில் மட்டும் நிறத்தைத் தொட்டு, புறங்கையில் ஒரு தட்டுத் தட்டி உதறிவிட்டு, வெளிக் கடைக்கண்ணில் ஆரம்பித்து உள்நோக்கி இப்படியும் அப்படியுமாக ஓட்டுங்கள். பிரஷின் காம்பைக் கடைசி முனையில் பிடித்தால் கை தானாகவே இலேசாகும், கிட்டத்தில் பிடித்தால் பேனா மாதிரி கோடு விழும். நிறம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கலைந்தால் போதும். ஓரம் தெரிந்தால் மேலும் நிறம் எடுக்காதீர்கள், வெறும் பிரஷால் கலையுங்கள்.

மின்னும் நிறத்துக்குப் பிரஷே வேண்டாம். விரல் நுனியில் எடுத்து, கண்ணை மூடி, இமையின் நடுவில் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் மின்னுவது போடக்கூடாது என்று ஒரு சட்டம் மாதிரி சொல்கிறார்கள். பெரிய பெரிய மினுக்குத் துகள் சுருக்கத்தில் உட்காரும் என்பது உண்மை, பட்டுத்துணி அளவுக்குப் பளபளக்கும் மெல்லிய நிறம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

காஜல் இல்லாமல் நமக்குக் கண் முடியாது. ஆனால் கீழ் இமையின் உள்ளே அப்பினால் மாலைக்குள் கண்ணுக்குக் கீழே இறங்கும், கருவளையம் இருப்பவர்களுக்கு அது இன்னும் மோசம். மேல் இமை மயிரின் வேர்க்காலில் காஜலை வையுங்கள். கீழே வேண்டுமென்றால் வெளிப் பாதியில் மட்டும் வைத்து, அதன்மேல் முன்பு எடுத்த அதே மேட் பழுப்பைச் சின்ன பிரஷால் ஒற்றிவிடுங்கள், தூள் அதைப் பிடித்துக்கொள்ளும். கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா வகைகளில் ஈயம் இருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது, அதைக் கண்ணில் இழுக்க வேண்டாம். அப்புறம் காஜலைத் தோழிக்குக் கடன் கொடுக்காதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள், மெட்ராஸ் ஐ பரவுகிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். மஸ்காரா திறந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனால் தூக்கிப்போடுங்கள், தீரவில்லை என்றாலும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இதையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்பே லென்ஸைப் போட்டுவிட வேண்டும், இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகுதான் கண்ணைத் துடைக்க வேண்டும். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சின்னதாகக் காட்டும், அதனால் அவர்கள் பழுப்பைக் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம். படிக்கிற கண்ணாடி பெரிதாக்கிக் காட்டும், கலைக்காமல் விட்ட ஓரமும் பெரிதாகவே தெரியும். டியூப் லைட்டில் சரியாகத் தெரிந்ததை நம்பிக் கிளம்பாமல் ஒரு முறை ஜன்னலோரம் போய்ப் பாருங்கள்.

இதற்குள் முடி ஆறியிருக்கும். தொட்டால் துளிகூடச் சூடு இருக்கக் கூடாது. கிளிப்புகளை எடுத்து, தலையைக் குனிந்து, விரலை விட்டு உதறிவிடுங்கள். இறுக்கம் அதிகமாகத் தெரிந்தால் அகலப் பல் சீப்பால் கீழ்ப்பாதியை மட்டும் ஒரு தடவை வாருங்கள். ஹேர் ஸ்பிரேயைக் கை நீட்டும் தூரத்திலிருந்து லேசாக, கண்ணை மூடிக்கொண்டு. தினமும் இப்படிச் சூடு காட்டுவது முடிக்கு ஆகாது, வாரத்துக்கு இரண்டு நாள் என்பது என் கணக்கு. ஒரு நாள் சுருட்டினால் இரவில் உச்சியில் தளர்வாகக் கொண்டை போட்டுத் தூங்கி மறுநாளும் ஓட்டலாம், முன்பக்கம் இரண்டு கற்றையை மட்டும் திரும்பச் சுருட்டினால் போதும். அடைமழை நாளில் சுருட்டவே சுருட்டாதீர்கள், பஸ் ஸ்டாப் போவதற்குள் போய்விடும். அன்றைக்கு ஜடை, கண் மட்டும்.

பட்ஜெட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் பேலட்டை விட்டுவிட்டு நல்ல கலைக்கும் பிரஷ் ஒன்று வாங்குங்கள், அதை வாரம் ஒரு முறை ஷாம்பூவில் கழுவி, மயிர்ப்பக்கம் கீழே சரிந்திருக்கும்படி காயவையுங்கள், தண்ணீர் காம்புக்குள் இறங்கினால் பசை விட்டு மயிர் உதிர ஆரம்பிக்கும்.