அரிசி இடியப்பம்தானே என்று கேட்காதீர்கள்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு வயது 19. இரத்தம் குறைவு, வயிற்றோட்டம் என்று இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் கொழும்பில் குழாய் விட்டுப் பார்த்து, கோதுமை தின்றால் குடல் கெடுகிற சீலியாக் நோய் என்று சொன்னார்கள். கோதுமையை விட்ட பிறகு ஆள் நன்றாகத் தேறிவிட்டாள். வீட்டில் பிரச்சினை இல்லை, வெளியில் போனால்தான். போன மாதம் சொந்தக்காரரோடு கல்முனைப் பக்கம் போனபோது எல்லாரும் கொத்து ரொட்டி எடுக்க, அவளுக்கு மட்டும் இடியப்பக் கொத்து எடுத்தோம். அரிசி இடியப்பம்தானே என்று கேட்டு, ஓம் என்ற பிறகுதான் எடுத்தோம். அன்றிரவு தொடங்கியது, மூன்று நாள் படுக்கை. நாங்கள் சோறு தின்கிற ஆக்கள், பாணை விட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். இனிக் கடையில் சாப்பிடவே கூடாதா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, அந்த இடியப்பக் கொத்தை முதலில் பிரித்துப் பார்ப்போம். கேட்டதற்குப் பாதிப் பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது.

கடைகள் பலவற்றில் இடியப்பத்துக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவையும் கலக்கிறார்கள். பிழியச் சுகம், உதிராது, வெள்ளை வெளேரென்று வரும். நீங்கள் "அரிசி இடியப்பம்தானே" என்று கேட்டீர்கள், அவர் "ஓம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அரிசி மா சேர்ந்த இடியப்பம் அவருக்கு அரிசி இடியப்பம்தான். சிவப்பு இடியப்பம் என்றாலும் கலப்பு இருக்கலாம், நிறத்தை நம்ப வேண்டாம். சரி, அன்று உங்கள் அதிர்ஷ்டத்துக்குக் கலப்பில்லாத இடியப்பமே கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொத்திய இரும்புத் தட்டில் உங்களுக்கு முன்னால் எத்தனை ரொட்டி கொத்துப்பட்டது? அதே இரண்டு தகடுகள், அதே எண்ணெய், மூலையில் கருகி ஒட்டிக் கிடக்கும் அதே ரொட்டித் துகள். அதன்மேல் சோயா சோஸ் வேறு ஊற்றியிருப்பார்கள், சாதாரண சோயா சோஸ் கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கப்படுகிறது. ஆக ஒரு பார்சலுக்குள் மூன்று வழியால் கோதுமை உள்ளே போயிருக்கலாம். இதில் ஒன்றைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

எனக்கு இந்த வருத்தம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. அதில் நான் கற்றுக்கொண்டது, நம் ஊரில் பாணும் பணிஸும் ரோல்ஸும் ஆபத்தே இல்லை என்பதுதான். அவற்றைப் பார்த்தாலே விளங்கிவிடும், ஒதுங்கிவிடலாம். ஆளை விழுத்துவது அரிசிச் சாப்பாடு மாதிரி வேஷம் போட்டு வருவதுதான். பிட்டில் கோதுமை மா கலக்கும். குரக்கன் ரொட்டி தனியாகப் பிடிபடாது என்று அதிலும் கலப்பார்கள். தோசைக்கு உளுந்தோடு கோதுமை மா கரைப்பது நம் வீடுகளிலேயே வழக்கம், தமிழ்நாட்டுத் தோசையை நினைத்துக்கொண்டு இங்கே தோசை கேட்கக் கூடாது. அப்பத்துக்கு மா பொங்கட்டும் என்று ஒரு பாண் துண்டை ஊறப்போடுகிற ஆக்கள் உண்டு. மோதகத்தின் மேல் மாவிலும் கோதுமை கலக்கும், அதனால் கோயிலில் நான் பொங்கலை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மா சேர்ந்திருக்கும். களைப்புக்கு நல்லது என்று அன்பாக ஊற்றித் தரும் மோல்ட் பால்மா பார்லியில் வருவது, கோதுமையில் நமக்கு ஆகாத குளூட்டன் என்ற புரதம் பார்லியிலும் இருக்கிறது.

நம் அம்மம்மாமார் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்றுதான் சொல்வார்கள், கப்பலில் வந்த சாமான் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது. வெள்ளாமை விளைகிற ஊரில், உரலில் அரிசி இடித்த குசினிக்குள் அது எப்போது வந்து இவ்வளவு ஆழமாக உட்கார்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. சீலியாக்குக்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்த கதையும் இதற்கு நேரெதிர்த் திசையில் ஒரு மாக் கதைதான். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம், பாணே இல்லை. அப்போது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள், பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்குக் கோதுமை மேல் அதற்கு முன்பே சந்தேகம் இருந்தது, அதை ஆராய்ந்து 1950ல் எழுதி வைத்தார்.

"கொஞ்சம்தானே, ஒருக்கா தின்றால் என்ன" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். சீலியாக் ஒவ்வாமை அல்ல. குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சிறுகுடலைத் தாக்குகிறது, உணவை உறிஞ்சுகிற சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. மகளுக்கு இரத்தம் குறைந்ததும் அதனால்தான், தின்றது உடம்பில் சேரவில்லை. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 50 மில்லிகிராம் தினமும் மூன்று மாதம் போனால் குடல் கெடுவதை 2007ல் வந்த ஆய்வு காட்டியது. ஒரு பாண் துண்டில் 2 கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கும். அந்தத் துண்டை இருநூறாகப் பிய்த்தால் ஒரு பங்குதான் 10 மில்லிகிராம். தட்டின் மூலையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளை இப்போது நினைத்துப் பாருங்கள். சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்று கடைக்காரர் சொல்வார், கிருமிதான் சாகும், குளூட்டன் சாகாது. ரோல்ஸ் பொரித்த தாச்சியிலேயே பப்படமும் மீனும் பொரித்தால் துகள் எண்ணெய்க்குள்தான் நிற்கிறது.

கடையில் சாப்பிடவே கூடாதா என்றால், சாப்பிடலாம். நான் சாப்பிடுகிறேன். ஆனால் பசியோடு போய் அவசரத்தில் கேட்பதில்லை. மத்தியானக் கூட்டம் வருவதற்கு முன், பதினொன்றரை போலப் போவேன். அப்போதுதான் சோற்றுப் பானை புதிதாகத் திறந்திருக்கும், அகப்பைகள் கறிக்குக் கறி மாறியிருக்காது, சமைக்கிறவருக்கும் நின்று கதைக்க நேரம் இருக்கும். வெறும் சோறு, பருப்பு, மீன் குழம்பு, சொதி, கண் முன்னால் இடித்த சம்பல், கடைசியில் நம் எருமைத் தயிர். குழம்பைத் தடிப்பாக்க மா கரைத்தீர்களா என்று மட்டும் கேட்பேன். பொரியல், டெவில், பிரைட் ரைஸ் பக்கமே போவதில்லை. சொந்த டப்பாவைக் கொடுத்து நேரே பானையிலிருந்து போடச் சொல்வேன். இந்த டப்பாப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கடையில் எல்லாம் ஒழுங்காகக் கேட்டு எடுத்து, வீட்டுக்கு வந்து பார்சலை விரித்தால் சோற்றின் உச்சியில் ஒரு கட்லட் சிரித்துக்கொண்டு இருக்கிறது. வழமையாக வருகிற ஆள் என்று இலவசமாக வைத்த அன்பு! கட்லட்டை எடுத்துப் போட்டுவிட்டு, பாண் தூள் விழுந்த மேல் சோற்றையும் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டேன். அது என் மடத்தனம், முழுவதையும் நாய்க்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

கேட்கிற விதத்தையும் மாற்றுங்கள். "குளூட்டன் இருக்கா" என்றால் முழிப்பார்கள், "இதில் கோதுமை இல்லைத்தானே" என்றால் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அந்தக் கேள்வியிலேயே அவருடைய பதிலை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். "அண்ணன், இதற்கு என்னென்ன மா போட்டீர்கள்? எந்தத் தாச்சியில் பொரித்தீர்கள்?" என்று கேட்டால் அவரே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பரிமாறுகிறவரிடம் இல்லை, சமைக்கிறவரிடம். யோசிக்காமல் டக்கென்று "ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால் நான் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவேன்.

இன்னொன்று, மகளுக்கு அன்று வயிறு காட்டிக் கொடுத்தது. எல்லா நாளும் காட்டிக் கொடுக்காது. சிலருக்கு ஒரு குறியும் வெளியே தெரியாமலே குடல் கெட்டுக்கொண்டு போகும், அதனால் "தின்றேன், ஒன்றும் செய்யவில்லை" என்பதை ஒரு சாட்சியாக எடுக்காதீர்கள். வைத்தியர் சொல்லும் தவணைக்கு இரத்தச் சோதனையைச் செய்துகொண்டே வாருங்கள். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடாவிட்டால் மாமியின் முகம் சுருங்கும், எங்கள் கை பிடிக்கவில்லையா என்று கேட்பார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய் அங்கே இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவேன்.

கேள்வி: அக்கா, அறுகம்பையில் ஒரு ரெஸ்டூரண்டில் சமைக்கிறேன். சீசனுக்கு வருகிற வெள்ளைக்காரரில் பலர் குளூட்டன் ஃப்ரீ கேட்கிறார்கள். கேட்டுவிட்டுச் சிலர் பியரும் குடிக்கிறார்கள்! இது நோயா, ஃபேஷனா? மெனுவில் குளூட்டன் ஃப்ரீ என்று போட்டால் ஆக்கள் கூடும் என்கிறார் முதலாளி. போடலாமா?
– ஒரு வாசகர், பொத்துவில்

பதில்: தம்பி, இரண்டும்தான். பார்லி பியரைக் குடித்துக்கொண்டு கேட்பவருக்கு அநேகமாக அது விருப்பம். ஆனால் மேசையில் இருக்கிற முகத்தைப் பார்த்து யார் நோயாளி என்று உங்களால் பிரிக்க முடியாது. உலகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு சீலியாக் இருக்கிறது. கேட்கிற எல்லாரையும் நோயாளியாகவே எடுங்கள், நட்டம் ஒன்றும் இல்லை.

மெனுவில் போடுவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். அமெரிக்காவில் கையடக்கக் கருவியால் ஆக்கள் தாங்களே கடைச் சாப்பாட்டைச் சோதித்த 5,600க்கு மேற்பட்ட முடிவுகளைச் சேர்த்து 2019ல் ஒரு ஆய்வு வந்தது. குளூட்டன் இல்லை என்று கடைகள் சொன்ன சாப்பாட்டில் சுமார் மூன்றில் ஒன்றில் குளூட்டன் இருந்தது, பீட்சாவிலும் பாஸ்தாவிலும் பாதியில். சந்தேகப்பட்டதைத்தான் ஆக்கள் கூடுதலாகச் சோதித்திருப்பார்கள், அதனால் அந்தக் கணக்கை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனாலும் பீட்சாவிலும் பாஸ்தாவிலும் ஏன் கூட என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, மா பறக்கிற அடுப்பும் ஒரே தண்ணீரும் ஒரே வடியும். உங்கள் குசினியில் காலையில் ரொட்டிக்கு மாப் பிசைகிற அதே மேசையில்தானே சலாட் வெட்டுகிறீர்கள்?

தனித் தாச்சி, தனி எண்ணெய், தனிப் பலகை, தனி வடி, கை கழுவிப் புதுக் கையுறை, இவ்வளவும் ஒவ்வொரு நாளும் முடியும் என்றால் போடுங்கள். முடியாவிட்டால் போடாதீர்கள், ஆள் வந்து கேட்கும்போது "சோறும் கறியும் கவனமாகச் செய்து தரலாம், பான்கேக்கும் சிப்ஸும் முடியாது" என்று சொல்லுங்கள். முடியாது என்று சொல்கிற கடைக்குத்தான் நான் இரண்டாம் தரம் போவேன். சிலர் தங்களுக்கு எது கூடாது என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அதை மேசையடியில் வாசித்துத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள் பரிமாறுகிற பிள்ளைகள். அந்த அட்டை அடுப்படிக்கு வந்து சேர வேண்டும், உங்கள் கையில். டோஸ்டரையும் மறக்க வேண்டாம், பாண் துகள் ஒட்டிய பட்டர்க் கட்டியையும்.

கேள்வி: குளூட்டனைச் செரிக்க வைக்கும் மாத்திரை வந்திருக்கிறதாம். வெளிநாட்டில் இருந்து மச்சான் அனுப்புவதாகச் சொல்கிறார். அதைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டில் சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், செங்கலடி

பதில்: வேண்டாம். அந்த நொதி மாத்திரைகள் எதுவும் சீலியாக் உள்ளவர் கோதுமை தின்பதைப் பாதுகாப்பானதாக்காது. மச்சானிடம் சோயா சோஸுக்குப் பதிலாக, கோதுமை இல்லை என்று லேபலில் எழுதிய தமாரி சோஸ் அனுப்பச் சொல்லுங்கள், பிரியோசனம்.

கேள்வி: தங்கைக்கு சீலியாக். எனக்கும் வயிறு ஊதுகிறது, அதனால் நானும் ஒரு மாதமாகக் கோதுமையை நிறுத்தி இரத்தச் சோதனைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தலைகீழாகச் செய்கிறீர்கள். கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்புக் கூடுதல்தான், சோதிப்பது நல்லது. ஆனால் கோதுமையைத் தின்றுகொண்டிருக்கும்போது செய்தால்தான் அந்தச் சோதனை சரியாகக் காட்டும். நிறுத்தியதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திரும்ப எவ்வளவு நாள் சாப்பிட்டுவிட்டு இரத்தம் எடுப்பது என்று அவர் சொல்வார்.

கேள்வி: ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கலாமா? அதுவும் கோதுமைதானே.
– ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: கோதுமைதான். கோதுமையே இல்லாத அப்பம் செல்லாது என்று 2017ல் வத்திக்கான் திரும்பவும் எழுதியது. குளூட்டனை மிகக் குறைத்த அப்பம் செல்லும், அது கிடைத்தாலும் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அல்லது திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம், அதுவும் முழு நற்கருணைதான். ஆனால் ஃபாதரின் கிண்ணத்தில் அப்பத் துண்டு ஒன்றைப் போடுவது பூசை முறை. ஆகவே உங்களுக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தைத் தனியாக வைக்கச் சொல்லி, பூசைக்கு முன்பே ஃபாதரிடம் போய்க் கதையுங்கள்.